சென்னை என்று அச்சடித்த சேவல்

முதலாளி, நீங்கள் பொய் சொன்னீர்கள். சீசனின் கடைசி மேட்ச் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு, முகம் மாறாமல் சொன்னீர்கள்: "டீம் எங்கயும் போகாதுங்க. சேவல் பொறந்த ஊர்லதாங்க கூவும்." நாங்கள் கை தட்டினோம். என் உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினேன். கேலரியின் மேல் வரிசையில் ஜமாப் மேளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். எங்கள் கூட்டத்துக்கே அவர்தான் மேளம். அந்த நேரம் பார்த்து அவர் அடிக்கவில்லை. திரும்பிப் பார்த்து, "ஏனுங்கண்ணா, கை வலிக்குதுங்களா?" என்றேன். "ஆமாங்க அம்மிணி," என்றார். நான் நம்பிவிட்டேன்.

அவரை நான் பிரிண்டிங் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவிநாசிப் பக்கம் தகரக் கொட்டகை ஒன்றில் பனியனுக்குப் படம் அச்சடிக்கும் பட்டறை வைத்திருந்தார். எனக்கு மங்கலம் ரோட்டில் சின்னதாய் ஒரு தையல் யூனிட். பெரிய கம்பெனிகள் துணியை வெட்டிக் கொடுப்பார்கள். நெஞ்சில் படம் வரவேண்டிய முன்பக்கத் துண்டுகளை மட்டும் பிரித்து முதலில் அவரிடம் அனுப்புவேன். அவர் அச்சடித்துக் காயவைத்துக் கட்டுக் கட்டித் தந்த பிறகுதான் என் மெஷின்கள் ஓடும். பல வருஷம் இப்படித்தான் ஓடியது. ஒரு துண்டு கோணலாக வந்து நான் திருப்பி அனுப்பியதாக நினைவில்லை. இரண்டு கலர் சேருகிற இடத்தில் ஒரு நூல் இடைவெளி தெரிந்தாலும் அவரே எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, "இது ஆகாதுங்க" என்பார்.

டீமைப் பற்றியும் சொல்ல வேண்டும், வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் திருப்பூரில் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி நடத்துகிற இந்த முதலாளிதான் மாதச் சம்பளத்துக்கு ஆட்களை எடுத்து ஒரு பாஸ்கெட்பால் டீம் வைத்தார். சின்னம் சேவல். மாநில லீக்கில் ஆடியது. டிக்கெட் வாங்கித்தான் பார்த்தோம். பனியன் ஊருக்கு எதற்குப் பாஸ்கெட்பால் என்று முதலில் சிரித்தவர்கள்தான் பின்னால் ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்வதற்குள் இடம் பிடிக்க ஓடினார்கள். இந்த ஊரில் பாதிப் பேர் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள். கொமரலிங்கத்துக்காரன், தூத்துக்குடிக்காரி, பீகார்க்காரன் எல்லோரும் வாரம் முழுக்க ஒரே கொட்டகைக்குள் இருந்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரமிருக்காது, பீஸ் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். கேலரியில்தான் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்போம். எதிராளி ஃப்ரீ த்ரோ போடும்போது எல்லோரும் சேர்ந்து காலால் தகரத்தைத் தட்டுவோம். அந்தச் சத்தத்தில் எந்த ஊர்க்காரன் கால் எது என்று யாருக்கும் தெரியாது.

பிரிண்டிங் அண்ணன் அங்கே வேறு ஆளாகிவிடுவார். பட்டறையில் வாயே திறக்காதவர், மேளத்தைக் கட்டியதும் ரெஃப்ரியை விடமாட்டார். திட்டுவதிலும் மரியாதை குறையாது. "ஏனுங்க சார், கண்ணு டாக்டருகிட்டப் போனீங்களா, இல்ல நாங்க கூட்டிட்டுப் போகோணுங்களா?" என்பார். எதிர் டீம் பையன் பந்தை அடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தால், "கண்ணு, அத அங்கயே வெச்சுட்டுப் போயிருங்க சாமி, அது எங்களுது" என்பார். ஒருமுறை அந்தப் பையனே சிரித்துப் பந்தை விட்டுவிட்டான். கேலரிக்கு வேண்டிய கொடி, பேனர், தலைக்குக் கட்டும் துணி எல்லாம் அவர் பட்டறையில்தான் அடித்தது. அதற்கு யாரிடமும் அவர் எதுவும் வாங்கியதில்லை.

போன வருஷம் பேச்சு கிளம்பியது. டீம் சென்னைக்குப் போகிறது, அங்கே ஏசி ஸ்டேடியம், டிவி, பெரிய விளம்பரம் என்றார்கள். டீக்கடையில் அதே பேச்சு, கம்பெனி பஸ்ஸில் அதே பேச்சு. என் யூனிட்டில் ஓவர்லாக் தைக்கிற தூத்துக்குடிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். மெஷினை நிறுத்திவிட்டு, "யக்கா, டீம் போயிட்டா ஞாயித்துக்கெழம நா எங்கன போவேன்? ரூமுல அந்த நாலு செவத்தத்தான் பாத்துட்டுக் கெடக்கணும்" என்றாள். எங்கள் ரசிகர் குரூப்பில் ராத்திரி பகல் பாராமல் வாய்ஸ் மெசேஜ் வந்தது. யார் காரணம், யார் உள்ளுக்குள் பேசுகிறார்கள், எந்தப் பிளேயர் சென்னையில் வீடு பார்க்கிறான் என்று ஆளாளுக்கு ஒருவனைச் சந்தேகப்பட்டோம். அதனால்தான் முதலாளி மைக்கில் சொன்னதும் அப்படிக் கை தட்டினோம். பயந்து கிடந்தவனுக்கு ஒரு வார்த்தை போதும், அது பொய்யா என்று பார்க்கத் தோன்றாது.

அடுத்த வாரம் என் சரக்கு எடுக்கப் பட்டறைக்குப் போனேன். குழந்தைகள் சட்டைக்கான துண்டுகள். அண்ணன் கலர் வாங்க வெளியே போயிருந்தார். என் கட்டைத் தேடும்போது ஒரு மேஜையின் மேல் பெட்ஷீட் போர்த்தியிருந்தது. அது எனக்குப் புதிது இல்லை. ஒரு கம்பெனியின் டிசைனை இன்னொரு கம்பெனி ஆள் பார்க்கக் கூடாது என்பதற்காக அவர் எப்போதும் போர்த்தி வைப்பார். எங்கள் தொழிலில் அதுதான் முதல் ஒழுங்கு. யார் வேலை கொடுத்தார்கள், என்ன படம், எந்த நாட்டுக்குப் போகிறது, எதையும் வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த வேலை வராது. எனக்கும் அது தெரியும். ஆனாலும் காற்றில் ஓரம் விலகியிருந்த இடத்தில் சேவலின் வால் தெரிந்தது. நான் பெட்ஷீட்டைத் தூக்கினேன். எங்கள் சேவல்தான். அதற்குக் கீழே வளைந்து வருகிற ஊர்ப்பெயர் இருக்கும் இடத்தில் சென்னை என்று இருந்தது.

போட்டோ எடுத்தேன். என் யூனிட்டுக்குத் திரும்பிக் குரூப்பில் போடப் போனபோது அந்தத் தூத்துக்குடிப் பெண் பார்த்துவிட்டாள். "யக்கா, அந்த அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடலாம்லா?" என்றாள். "அதெல்லாம் கேக்க வேண்டியதில்ல, நீ தையி" என்றேன். போட்டோவுக்குக் கீழே ஒரே ஒரு சொல் எழுதினேன். துரோகி. யார் பட்டறை என்றும் எழுதினேன்.

சாயங்காலத்துக்குள் ஒரு கூட்டம் அங்கே கூடிவிட்டது. நானும் போனேன். எல்லாம் அவர் மேளத்துக்கு ஆடியவர்கள். "என்னுங்கண்ணா, சென்னைல ஊடு பாத்தாச்சுங்களா?" என்றான் ஒருவன். "சேவல என்ன வெலைக்குப் போட்டீங்க? கொழம்பு வெக்கவா, வளக்கவா?" என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். அண்ணன் வாசலில் கலர் படிந்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். யார் கொடுத்த வேலை என்று கேட்டோம். திரும்பத் திரும்பக் கேட்டோம். "வேல குடுத்தவங்க பேரச் சொல்ல மாட்டனுங்க," என்றார். யாரோ உள்ளே போய் சேவலை அச்சடித்த ஸ்கிரீனை எடுத்துத் தரையில் அடித்துக் கிழித்தார்கள். அவர் தடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். சரக்கு எடுக்க வந்திருந்த நான்தான் பெட்ஷீட்டைத் தூக்கியிருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த நாள் முதலாளியின் ஆபீஸிலிருந்து பேப்பரில் ஒரு அறிக்கை வந்தது. அந்தப் படம் டூப்ளிகேட், டீமின் பெயரைத் திருடி யாரோ போலிச் சட்டை அடிக்கிறார்கள், நடவடிக்கை எடுப்போம் என்று. எங்களுக்கு எவ்வளவு நிம்மதி. டீம் போகவில்லை, அண்ணன்தான் திருடன். டீம் போவதைவிட அது எங்களுக்கு வசதியாக இருந்தது. அறிக்கையை நானே குரூப்பில் பகிர்ந்தேன்.

திருப்பூரில் ஒருவனை முடித்துவிட வேறு எதுவும் வேண்டாம். டூப்ளிகேட் அடிக்கிற ஆள் என்ற பேர் வந்தால் போதும். எந்த எக்ஸ்போர்ட் கம்பெனியும் அந்த வாசலுக்குச் சரக்கு அனுப்பாது, அனுப்பினால் வெளிநாட்டுக்காரன் இவர்களுக்கு ஆர்டரை நிறுத்திவிடுவான். ஒவ்வொரு கம்பெனியாக வேலையை நிறுத்தியது. நானும் நிறுத்தினேன். மேஜைகளை விற்றார், பிறகு கொட்டகையையும் காலி செய்தார்.

அதற்குப் பிறகு டீம் சென்னைக்குப் போனது. இங்கே கோர்ட் வசதி போதவில்லை, ஸ்பான்சர் கேட்டார்கள், தவிர்க்க முடியவில்லை என்று ஏதோ சொன்னார்கள். முதல் மேட்சை என் யூனிட்டில் எல்லோரும் சேர்ந்து டிவியில் பார்த்தோம். அழக்கூடாது என்று பேசி வைத்திருந்தோம். கேமரா எங்கள் பழைய கேப்டனின் நெஞ்சுக்குக் கிட்டே போனது. சேவலின் கொண்டைச் சிவப்பு கறுப்புக் கோட்டுக்கு வெளியே ஒரு நூல் தள்ளியிருந்தது. வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. துணியில் பிழை பார்த்தே வயிறு கழுவுகிறவள் நான், எனக்குத் தெரிந்தது. போனை எடுத்து அன்றைக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கினேன். அதே கொண்டை, அதே பக்கம், அதே அளவு தள்ளல். அண்ணன் மேஜையில் கிடந்தது டூப்ளிகேட் இல்லை. முதலாளி கொடுத்த ஆர்டர். சொந்தக் கம்பெனியில் அடித்தால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று, ஊரிலேயே வாய் திறக்காத ஆளாகத் தேடிக் கொடுத்திருக்கிறார்கள். முதலாளி மைக்கில் பேசியபோதே அந்த வேலை அண்ணன் பட்டறையில் இருந்திருக்கிறது. அதனால்தான் மேளம் அடிக்கவில்லை. அவர் அப்படிக் கோடு தள்ளி அடிக்கிற ஆள் இல்லை. அந்தத் துண்டுகளை ஓரமாகப் போடாமல் எப்படி அனுப்பினார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இதில் என்னைக் குத்துவது வேறு. இரண்டு வருஷம் முன்னால் என் போட்டிக்காரர் ஒருவர் அண்ணனிடம் போய் என் டிசைனைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். அதைக் கேள்விப்பட்டு, "உங்களமாதிரி ஆளு கெடைக்க மாட்டாங்கண்ணா" என்று நானே அவரிடம் சொன்னேன். எனக்காக வாயை மூடியபோது நல்லவர். இன்னொருவருக்காக மூடியபோது துரோகி. முதலாளி ஆர்டரை அவர் வெளியே சொல்லியிருந்தால் டீமுக்காக அவரைக் கொண்டாடியிருப்போம், ஆனால் மறுநாளே என் சரக்கை வேறு பட்டறைக்கு மாற்றியிருப்பேன். இதை நான் மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

போன மாதம் அவரைத் தேடிப் போனேன். மங்கலத்தில் வேறு ஒருவர் பட்டறையில் கூலிக்கு அச்சடிக்கிறார். உள்நாட்டுச் சந்தைக்குப் போகிற மலிவுச் சட்டை. என்னைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "வாங்க அம்மிணி, உங்க பீஸெல்லாம் இப்ப ஆரு அடிக்கறாங்க, கலர் நிக்குதுங்களா?" என்றார். நான் செய்ததைச் சொன்னேன். "தெரியுமுங்க" என்றார். மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிவரச் சொல்லி ஆளை அனுப்பினார். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

"இப்பவாச்சு சொல்லுங்கண்ணா, ஆரு குடுத்த வேலைன்னு" என்றேன்.

"இப்பச் சொன்னா, அன்னிக்குச் சொல்லாம நின்னது எதுக்குங்க?"

"அப்ப நான் சொல்லட்டுங்களா?"

மேஜையிலிருந்து கண் எடுக்காமல் ஒரு துண்டை நேர் செய்தார். "நீங்க சொல்லி என்ன அம்மிணி ஆகறது. அன்னிக்கும் நீங்கதான சொன்னீங்க. குடுத்தவங்க வாயால வரோணுமுங்க. அப்பத்தான் நாலு கம்பெனிக்காரன் நம்புவான்."

வீட்டுக்கு வந்து, அதே குரூப்பில், அதே போட்டோவின் கீழே நான் எழுதியது பொய் என்று எழுதினேன். டிவியில் வந்த கொண்டையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அன்றைக்கு வாசலில் நின்ற அத்தனை பேரும் குரூப்பில் இருக்கிறார்கள். இரண்டு பேர் கும்பிடுகிற படம் போட்டார்கள். ஒருவன், "விடுங்கக்கா, டீமே போயிருச்சு, இனி இது எதுக்கு" என்று எழுதினான். டீம் போனதற்குக் கூட்டம் கூட்டினோம், கையெழுத்து வாங்கினோம், கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம். அண்ணன் போனதற்கு யாரும் எங்கேயும் போகவில்லை.

எனவே முதலாளி, உங்களிடமே கேட்கிறேன். டீமைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை. அது உங்கள் காசு, உங்கள் இஷ்டம், அதில் நாங்கள் தோற்றுவிட்டோம். அந்த வேலையைக் கொடுத்தது யார்? உங்கள் ஆபீஸா, இல்லையா? இல்லை என்றால், டூப்ளிகேட் அடித்ததாக நீங்கள் சொன்ன அந்த ஆளின் மேல் இத்தனை நாளாக ஏன் ஒரு புகார்கூடக் கொடுக்கவில்லை? ஆமாம் என்றால் அந்த அறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். எனக்குப் போன் செய்து சொல்ல வேண்டாம், ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். அறிக்கை எந்தப் பேப்பரில் வந்ததோ அதே பேப்பரில், உங்கள் பெயர் போட்டு, ஊருக்கே தெரியப் பதில் சொல்லுங்கள்.