அப்பாவின் தடிமன்

அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து இறங்கினார். அதுவே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் அவர் கிளாக்கராக இருந்தார். மாதக் கடைசிச் சனிக்கிழமை வருவார்; ஞாயிறு பின்னேர மெயில் வண்டிக்குப் புறப்பட்டுவிடுவார். பொங்கல், கோயில் திருவிழா என்றால் இன்னும் சில நாள் நிற்பார். எந்த விசேஷமும் இல்லாத அந்தச் செவ்வாய்க்கிழமை, நான் பள்ளிக்கூடத்துக்கு அம்மாவிடம் தலை இழுத்துப் பின்னிக்கொண்டு நின்ற நேரம், கோண்டாவில் ஸ்டேசனிலிருந்து வந்த வாடகைக் கார் உரும்பிராயில் எங்கள் வீட்டு வாசல் படலையில் நின்றது. காரின் மேல் அப்பாவின் றங்குப்பெட்டியும் சுருட்டிக் கட்டிய மெத்தையும் இருந்தன. வழக்கமாக அவர் கையில் ஒரு தோல்பை மட்டும்தான் இருக்கும்.

"அப்பா, ஏன் மெத்தையையும் கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார். அம்மாவும் பின்னால் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று தெரியவில்லை. நான் பாதி பின்னிய தலையோடு கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா வெளியே வந்து என் மற்றப் பின்னலைப் பிடித்தபோது, பக்கத்து வளவு மாமி கிடுகு வேலியில் ஆள் நுழையக்கூடிய ஓட்டையான பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினார்.

"தம்பி வந்திருக்கிறார் போலை கிடக்கு. லீவோ?"

அம்மாவின் கை என் மயிரில் ஒரு கணம் நின்றது. "ஓம் அக்கா. அவருக்குச் சரியான தடிமன். காய்ச்சலும் இருக்குப் போலை."

மூக்கடைத்து, தும்மி, தலை பாரமாகிக் கிடக்கும் சளி நோய்க்கு எங்கள் ஊரில் தடிமன் என்று பெயர். அதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருஷத்தில் பாதி நாளும் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் திரிந்தேன். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் கட்டிலடிக்குப் போய் அவரை நன்றாகப் பார்த்தேன். மூக்கு சிவந்திருக்கவில்லை. கண் வீங்கவில்லை. தலையணையடியில் மூக்குத் துடைக்கிற லேஞ்சி இல்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

அதற்குள் வீட்டுக்கு மருந்துகள் வரத் தொடங்கிவிட்டன. பெரிய வருத்தம் என்றால் சனம் பரியாரியாரிடமோ ஆஸ்பத்திரிக்கோ போகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தடிமனுக்கு அப்படியில்லை. அதற்கு ஊரில் எல்லாரும் வைத்தியர்கள். பக்கத்து வளவு மாமி ஒரு கட்டு நொச்சி இலையும் ஆடாதோடையும் முறித்துவந்து, வேது பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சந்திக் கடைக்காரர் அஸ்பிரின் குளிசைகளும், நெஞ்சில் பூசுகிற தைலப் போத்தல் ஒன்றும் கொடுத்துவிட்டார். கோயிலடியில் இருந்த ஒருவர் ஒரு கிழமை, ஏழு நாளைக்கும், தலையில் தண்ணீர் படவே கூடாது என்றார். அவருடைய மனைவி வேப்பிலை அவித்த தண்ணீரில் உடனே முழுக வேண்டும் என்றார். அம்மா இருவருக்கும் தலையாட்டினார்.

அப்பாவின் தம்பியான சின்னையா, வெங்காயத் தோட்டத்திலிருந்து கால் சேற்றோடு வந்தார். இலை குழையெல்லாம் குழந்தைப் பிள்ளைகளுக்கு என்பது அவருடைய கருத்து. சாரக்கட்டிலிருந்து ஒரு சிறிய பிராந்திப் போத்தலை எடுத்து, நான் பார்க்காத மாதிரி அம்மாவிடம் கொடுத்தார்.

"அண்ணைக்கு முட்டைக்கோப்பி அடிச்சுக் குடுங்கோ அண்ணி. நாளைக்கு எழும்பிடுவார்."

அம்மா முட்டையைச் சீனியோடு நுரைக்க அடித்து, கொதிக்கிற கோப்பியை ஊற்றி, பிராந்தியும் விட்டுக் கொடுத்தார். அப்பா குடித்தார். அம்மாவின் சொந்த மருந்து மல்லித்தண்ணீர். கொத்தமல்லி, வேர்க்கொம்பு என்கிற சுக்கு, மிளகு எல்லாம் வறுத்து இடித்து, சுண்டக் காய்ச்சி, ஒரு துண்டு பனங்கட்டியோடு கொடுப்பார். அதையும் குடித்தார். குளிசையும் விழுங்கினார். முன்பெல்லாம் மல்லித்தண்ணீர் என்றதும் முகத்தைச் சுளிக்கிற மனுஷன் இப்போது கொடுத்ததையெல்லாம் கேள்வி கேட்காமல் குடித்தது எனக்கு விளங்கவில்லை. இத்தனை மருந்தில் எது வேலை செய்யப்போகிறது என்று அறிய எனக்கு ஆவலாக இருந்தது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றக் கசப்புகளை நான் இனிக் குடிக்கத் தேவையில்லை அல்லவா?

ஆகவே நான் கவனித்தேன். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் கதவடியில் நின்று காது கொடுத்தேன். அப்பா இருமவில்லை. தும்மவில்லை. இருமல் இருந்தால்தானே அது குறைகிறதா என்று பார்க்கலாம்.

"அம்மா, அப்பா ஒருக்கால்கூடத் தும்மேல்லை," என்றேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "அது உள்ளுக்கை கட்டிப்போய்க் கிடக்கு. வெளியிலை வந்தால்தான் சுகம்."

வெளியே தெரியாமல் உள்ளேயே கட்டிக்கிடக்கிற தடிமன் ஒன்றும் உண்டு என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அன்று பின்னேரம் வேது பிடிக்க ஆயத்தம் நடந்தது. இலைகளைப் பெரிய பானையில் போட்டு, வாயை மூடி, அவிய வைத்து, அம்மா அதை அறைக்குள் கொண்டுவந்தார். அப்பா பானைக்கு முன்னால் பாயில் இருந்தார். தலைக்கு மேலால் தடித்த போர்வையைப் போர்த்து, உள்ளே இருந்து மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். எனக்கும் மூக்கடைப்பு இருந்தது. நானும் உள்ளே வரப்போகிறேன் என்று அடம் பிடித்தேன். அம்மா வேண்டாம் என்றார்.

"வரட்டும் விடும்," என்றார் அப்பா.

உள்ளே இருட்டு. சூடு மூக்குக்குள் ஏறியது. இலையின் காரமான மணம் தொண்டை வரை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கண் பழகியதும் அப்பாவின் முகம் தெரிந்தது. மாதத்துக்கு ஒருமுறை வருகிற அப்பாவை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. தாடி முளைத்திருந்தது. நெற்றியிலிருந்தும் நாடியிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. கண்ணிலிருந்தும் வழிந்தது.

"அப்பா, அழுறியளோ?"

"இல்லைப் பிள்ளை. நொச்சி காந்துது. உனக்குக் காந்தேல்லையோ?"

நான் கண்ணை அகல விழித்து ஆவிக்கு நேரே பிடித்தேன். எரிந்தது. "ஓம், காந்துது," என்றேன். விஷயம் எனக்குச் சரியாகப் பட்டது. ஆனால் அவருடைய தோள் ஏன் குலுங்குகிறது என்று கேட்க நினைத்தபோது, வெளியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"திறக்காதேங்கோ. இன்னும் கொஞ்சம் இருங்கோ."

போர்வையின் ஓரங்களை அவர் சுற்றிவரத் தரையோடு அமுக்கினார். எனக்கு மூச்சு முட்டியது. ஒரு பக்கத்தால் நழுவி வெளியே வந்துவிட்டேன். பானையில் ஆவி அடங்கி, தண்ணீர் ஆறிய பிறகும் அம்மா போர்வையை எடுக்கவில்லை. அதன் ஓரத்தைக் கையால் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தார். எனக்கு மூக்கு திறந்துவிட்டது. அந்த மருந்து நல்ல மருந்து என்று முடிவு செய்தேன்.

அந்தக் கிழமைக் கடைசியில் அரியாலையிலிருந்து மாமா ஒருவர் வந்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவரும் கொழும்பில் வேறொரு கந்தோரில் வேலை செய்தார். சிங்களம் அரச மொழியாகிச் சில வருஷங்கள் கழிந்திருந்தன. தமிழ் உத்தியோகத்தர்களும் சிங்களத்தில் சோதனை எழுதிச் சித்தியடைய வேண்டும் என்று நெருக்கிக்கொண்டிருந்த காலம் அது. இதெல்லாம் பிறகு நான் அறிந்தவை. அன்றைக்கு மாமா கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னது மட்டுமே என் காதில் விழுந்தது.

"மச்சான், சோதனை எழுதமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வேலையை விட்டிட்டு வந்திட்டியளாம். எங்கடை கந்தோரிலையும் இதுதான் கதை."

அப்பா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"நான் எழுதி முடிச்சிட்டன். சின்னப் பிள்ளையளின்ரை பாடம் மாதிரித்தான். நாக்கு ஒண்டும் தேஞ்சு போகேல்லை." மாமா குரலைத் தணித்தார். "ஊரிலை உங்களுக்கு மாலை போட ஆக்கள் வருவினம். மாலை வாடினாப் பிறகு என்ன செய்யிறது எண்டு யோசிச்சனீங்களோ?"

அம்மா தேத்தண்ணீரோடு வந்தார். "அண்ணை, அவரைக் கதைக்க வையாதேங்கோ. தொண்டை கட்டிப்போச்சு."

"இல்லை," என்றேன் நான். "காலமை அப்பா எனக்கு வாய்ப்பாடு சொல்லித் தந்தவர்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். அப்போதுதான் அப்பா இருமினார்.

இருமலில் தேர்ந்த எனக்கு அது ஒரு இருமலாகவே படவில்லை. பள்ளிக்கூட நாடகத்தில் கிழவன் வேஷம் போட்ட பிள்ளை இருமுவது போல இருந்தது. மறுபடியும் இருமினார். இரண்டாவது கொஞ்சம் திருந்தியிருந்தது. அம்மா ஓடிப்போய்த் தைலப் போத்தலை எடுத்துவந்து அவருடைய நெஞ்சில் தேய்த்து, கழுத்தைச் சுற்றித் துவாயைக் கட்டினார்.

மாமா கதிரையைப் பின்னுக்கு இழுத்தார். "தொத்திற வருத்தமோ?"

"இன்புளுவென்சா எண்டு சொல்லுகினம்," என்றார் அம்மா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "தொத்துமாம்."

மாமா பாதித் தேத்தண்ணீரோடு எழும்பிவிட்டார். அவர் படலையைத் தாண்டி சைக்கிளில் ஏறும்வரை வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு குசினிக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்டது. அப்பா அடுப்படிப் பலகையில் குந்தியிருந்து, கழுத்தில் துவாயோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாடகத்துக்குப் போயிருக்கலாம் நீங்கள்," என்று அம்மா சொல்ல, இன்னும் சிரித்தார். சிரிப்பில் புரையேறி அவர் உண்மையாகவே இருமினார். நல்ல இருமல். உள்ளே கட்டியிருந்தது இப்போது வெளியே வருகிறது என்று எனக்கு விளங்கியது.

அடுத்த நாள் காலையில் அப்பா தாடியை வழித்து, பழைய சாரம் ஒன்றை மடித்துக் கட்டிக்கொண்டு, சின்னையாவோடு தோட்டத்துக்குப் போனார். தடிமன் மாறிவிட்டது. அம்மா வேலிப் பொட்டுக்குள்ளால் மாமியிடம், "அக்கா, உங்கடை நொச்சியிலைதான் மாறினது," என்றார். சின்னையாவிடம், "உங்கடை முட்டைக்கோப்பிதான் கேட்டது," என்றார். சந்திக் கடைக்காரரிடம் குளிசையைப் புகழ்ந்தார். நான் கூடவே நின்று மூன்றையும் கேட்டேன்.

"அம்மா, உண்மையிலை எந்த மருந்திலை மாறினது?"

"மாறினதே போதும். மருந்தை ஏன் கேக்கிறாய்?"

எத்தனையோ வருஷம் கழித்து, நானும் ஒரு தாயான பிறகு, ஏன் தடிமன் என்று சொன்னீர்கள் என்று அம்மாவைக் கேட்டேன். "வேறை என்னத்தைச் சொல்லுறது?" என்றார் அவர். "பாதிச் சனம் மாலையோடை வந்திருக்கும். மற்றப் பாதி புத்தி சொல்ல வந்திருக்கும். அந்தாளுக்குக் கொஞ்ச நாள் சும்மா படுக்க வேணுமாயிருந்தது. தடிமன்காரனை ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம், மருந்துதான் சொல்லுவினம்." பிறகு, "சோதனைக்குப் புத்தகம் எல்லாம் வாங்கிப் படிச்சவர்தான். ஒரு நாள் மூடி வைச்சிட்டாராம். ஏன் எண்டு எனக்கும் சொல்லேல்லை," என்றார்.

அப்போது எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. மாமாவின் வாயிலிருந்து சோதனை என்ற சொல் ஒன்றை மட்டும் பொறுக்கி வைத்திருந்தேன். அதை வைத்து நானாக ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் வகுப்பிலும் சோதனை நாளில் தடிமன் பிடித்தால் வீட்டில் நிற்கலாம். அப்பாவுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஒரே ஒரு பயம் இருந்தது: எங்கள் வகுப்பில் சுகம் வந்ததும் சோதனையைத் திரும்ப எழுத வேண்டும். அப்பா என்னைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன முதல் நாள், வழியில் கேட்டேன்.

"அப்பா, இனிச் சோதனை எழுதுவியளோ?"

"இல்லை."

"அப்ப கொழும்புக்குப் போவியளோ?"

"இல்லைப் பிள்ளை."

மேலும் கேட்டால் பதில் மாறிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

பள்ளிக்கூட வாசலில் அப்பா என்னை இறக்கிவிட்டுப் போவதை ரீச்சர் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"அப்பா வேலைக்குப் போகேல்லையோ?"

"சோதனை நேரம் பார்த்து அப்பாவுக்குத் தடிமன் வந்திட்டுது ரீச்சர்," என்றேன். "இப்ப மாறிப்போச்சு. ஆனால் இனி வீட்டிலைதான் நிப்பார்."

ரீச்சர் சிரிக்கவில்லை. என் சட்டைக் கழுத்துப் பட்டியைச் சரியாக மடித்துவிட்டார். "உந்தத் தடிமன் இனிக் கனபேருக்கு வரும் பிள்ளை," என்றார். "போய் இரு."

மத்தியானம் வீட்டுக்கு ஓடிவந்து அதை அம்மாவிடம் சொன்னேன். கனபேருக்கு வரப்போகிறதாம், ரீச்சரே சொன்னவ, கொத்தமல்லி நிறைய வாங்கி வையுங்கோ என்றேன். அம்மா கையில் இருந்த சுளகைக் கீழே வைத்தார்.

"ரீச்சரோ சொன்னவ?"

"ஓம்."

அம்மா வேலிக்கு அப்பால், ரோட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வாங்கி வைப்பம்," என்றார்.

ஊர் முழுக்க ஒரு வருத்தம் வரப்போகிறது. அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்று எங்கள் வீட்டுக்குத்தான் தெரியும். அந்தப் பெருமையோடு நான் விளையாடப் போனேன்.