அம்மா பெல்ட் போட்டுப் பழகிய நாள்

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக அம்மாவுக்கு எல்லாம் கைகூடிவிட்டது. பயம் ஒன்றுதான் பாக்கி. விமானம் இறங்கியதும் மற்றவர்களெல்லாம் போய்விட, பெல்ட்டைத் திறக்கத் தெரியாமல் தான் மட்டும் உட்கார்ந்திருப்போமோ என்ற பயம். பதுளைக்கு பஸ்ஸில் போனால்கூடக் கம்பியை விடாதவள் அவள்.

அங்கே வேலை செய்துவிட்டு வந்த சித்தி, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்து அறைக்கே விமானத்தைக் கொண்டுவந்துவிட்டாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அப்பாவுக்கென்று அவள் வாங்கிவந்திருந்த பெல்ட்; விமானத்து பெல்ட் போலவே மூடியைத் தூக்கினால் கழன்றுவிடும். அப்பாவின் ஒல்லி இடுப்பை அது ஒன்றரைச் சுற்று சுற்றும் என்பதால் அதுவரை ஆணியில்தான் தொங்கியது. அதை நாற்காலியின் முதுகு வழியாக விட்டு அம்மாவை உட்காரவைத்தார்கள்.

அம்மா பழக்கதோஷத்தில் வயிற்றுக்கு மேலே இழுத்துக் கட்டினாள். கொழுந்து பறிக்கப் போகும்போது சேலை நனையாமல் இருக்கப் படங்குச் சாக்கை அங்கேதான் கட்டுவாள்.

"மலைக்கா போற? கீழ எறக்குக்கா. இடுப்பெலும்புல இருக்கணும், இறுக்கமா," என்றாள் சித்தி.

கைக்குழந்தைகளுக்குத் தாயின் பெல்ட்டோடு கோத்த குட்டி பெல்ட் ஒன்று உண்டு என்றும் அவள் சொல்லிவைத்தாள். விடுவேனா? ஆறு வயதுக் கைக்குழந்தை நான், ஏறி மடியில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா படங்குக் கயிற்றை எடுத்து என்னைச் சுற்றித் தன் பெல்ட்டோடு கோத்தாள். என் முதுகு அவள் நெஞ்சில் பட்டது. இனி அம்மா என்னை விட்டுவிட்டு எப்படிப் போவாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"இப்ப தொறக்கா," என்றாள் சித்தி.

அம்மா தடவிப் பார்த்தாள். "வரலையே."

சித்தி காட்டிக்கொடுத்தாள். மறுபடியும் வரவில்லை. "கொழுந்துல அந்தக் கை என்னா வேகம், இதுல என்னாச்சு?" என்று அப்பா சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. முதுகுக்குப் பின்னால் கையை விட்டு மூடியைத் தூக்கினேன், படக்கென்று கழன்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் கைதட்டவில்லை. தோற்றுப்போன வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் போய்ச் சேர்ந்து முதன்முதலாகப் போன் எடுத்தபோது, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல், "பெல்ட்ட யாரும்மா தொறந்துவுட்டாங்க?" என்றேன்.

"நானேதான் தொறந்தேன்டி," என்றாள்.

அம்மா பழகிவிட்டாள் என்று அன்று லயம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் மடியில் இருந்தபோது மட்டும் அந்தக் கைக்கு அது ஏன் வரவில்லை என்று யோசிக்கிற வயது அப்போது எனக்கு இல்லை.