நீலச் சீவல்

ஆம்பூர் தாண்டியதும் பஸ் டயர் பஞ்சராகிறது. தண்ணீர் கேட்டுச் சாலையோர மாட்டுக் கொட்டகைக்குள் நுழைகிறேன். எருமை மூத்திர நெடி கண்ணைக் கரிக்கிறது. அங்கே கட்டியிருக்கும் கன்றுக்கும் கண்ணில் நீர் வழிகிறது.

கொட்டகைக்காரப் பெண்மணி சொம்பை நீட்டுகிறார்.

"இந்த நெடி எப்பவும் இப்படித்தானாம்மா?"

"முன்னல்லாம் இல்ல சார். தோல் பதப்படுத்துற ஷாப்புல தோலோட ஊறவச்சுத் தூக்கிப் போடுற மரப்பட்டையக் காயவச்சு மாட்டுக்கடியில பரப்புவேன். மூத்திரத்த இழுத்துக்கும், நாத்தம் கம்மி. இப்ப அங்க பட்டை கெடையாது, இன்னாவோ மருந்துலதான் தோல ஊறவைக்கிறாங்க. நீலநீலமா தோல் சீவல்தான் வெளிய கொட்றாங்க. அதுவும் பட்டை மாதிரிதானேன்னு பரப்பிட்டேன். அந்த எருவத்தான் நெலத்துக்கும் போட்டேன்."

கொட்டகைக்குப் பின்னால் அவர் நிலம். சுற்றிலும் கேழ்வரகு பச்சையாக நிற்க, இது மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. சாணம் மக்கி மண்ணோடு கலந்துவிட்டது. சீவல் மட்டும் நீலம் மாறாமல் அப்படியே இருக்கிறது.

பஸ் ஹாரன் அடிக்கிறது. அவர் அந்த நிலத்திலிருந்தே ஒரு கூடை மண்ணை வெட்டி வந்து கன்றின் காலடியில் பரப்புகிறார்.

"வெளையத்தான் மாட்டேங்குது இந்த மண்ணு. மூத்திரத்தையாவது குடிக்கட்டும்."