அழுத்திப் பிடித்த கை

சென்ற வாரம் கெலுகோரிலிருந்து ஒரு நண்பர் வந்திருந்தார். உட்காருவதற்கு முன்பே என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன சார், உங்க தெருவுல பொம்பளைங்களுக்கு முதலுதவி வகுப்பு ஆரம்பிச்சுட்டீங்களாமே! நான் வேற எங்கயும் கேள்விப்பட்டதில்ல. பெரிய முன்னேற்றம்லா!"

காப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். மழையைப் பற்றிப் பேசினேன். டிராமில் ஏறும் கூட்டத்தைப் பற்றிப் பேசினேன். அவர் விடுவதாக இல்லை. "இதை உங்க பத்திரிகைப் பத்தியில அவசியம் எழுதணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

எழுதுகிறேன். ஆனால் அவர் எதிர்பார்த்த மாதிரி வராது.

பினாங்கில், சூலியா தெருவிலிருந்து பிரிந்து போகும் சின்னத் தெரு ஒன்றில் குடியிருக்கிறேன். கீழே கடை, மேலே வீடு. தெரு நடுவில் ஒரு மாடியில் வாசகசாலை — சில பெஞ்சுகள், பினாங்குப் பத்திரிகைகள், கப்பலில் வந்து சேரும் பழைய மதராஸ் பத்திரிகைகள், ஒரு சதுரங்கப் பலகை. சாயங்காலம் வேலை விட்டு வரும் ஆண்கள் அங்கே கூடி உலகத்தைத் திருத்துவோம்.

அந்த வாசகசாலைக்கு ஒரு நாள் ஞானமுத்து வந்தார். ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக வேலை. காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டுவதிலிருந்து டாக்டர் பக்கத்தில் நின்று உதவுவது வரை எல்லாம் செய்பவர். தெருவில் யாருக்குத் தலைவலி என்றாலும் முதலில் அவரைத்தான் தேடுவார்கள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர்ற ஆளுங்கள்ல பலபேருக்கு வழியிலேயே காரியம் கெட்டுப்போகுது" என்றார் அவர். "வந்து சேர்ற வரைக்கும் என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது... அதை நான் சொல்லித் தர்றேன். ஞாயித்துக்கிழமை வாங்க."

நல்ல காரியம்தானே? உடனே கமிட்டி கூடியது. சரக்குக் கிட்டங்கி ஒன்றில் தலைமைக் கிராணியாகக் கணக்கு எழுதும் வேலாயுதம் பிள்ளைதான் வாசகசாலைச் செயலாளர். நேர்மையானவர், எதையும் ஒழுங்காகச் செய்பவர். அவர் முயற்சியில் மருந்துப் பெட்டி ஒன்று வந்து சுவரில் ஏறியது. பஞ்சு, துணிப்பட்டை, டிங்சர், கத்தரிக்கோல்.

அடுத்த வாரமே பஞ்சைக் காணோம். கார்த்திகை வந்திருந்தது... தெருவில் பல வீட்டு விளக்குகள் ஆஸ்பத்திரிப் பஞ்சில் எரிந்தன. பிள்ளை பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். சாவி அவர் இடுப்பில். அதையும் தப்பு என்று சொல்ல முடியுமா?

வகுப்பு நடந்தது. எனக்கு எப்போதும் நோயாளி வேஷம்தான். நான் ஒல்லி, தூக்குவதற்கு லேசு. ஒரு ஞாயிறு எனக்குக் கால் முறியும், மறு ஞாயிறு மண்டை உடையும். கட்டுப் போட்டுப் பழகியவர்கள் எல்லாரும் துறைமுகத்திலும் கிட்டங்கியிலும் ஆபீசிலும் வேலை பார்க்கிற ஆண்கள்.

அப்படி ஒரு ஞாயிறு, என் தலையில் பாதிக் கட்டுப் போட்டிருந்த நேரத்தில், மாடிப்படியில் ஒரு பெண் வந்து நின்றாள். சிவகாமி. எதிர்ச்சாரியில் காதர் ராவுத்தரின் சோடாக்கடை இருக்கிறது. அங்கே சோடா அடிக்கும் மிஷினில் நிற்கும் ராமையாவின் மனைவி. கடைக்குப் பின்கட்டில்தான் அவர்கள் குடியிருப்பு.

"ஐயா, பொம்பளைங்க வந்து கத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

"பாட்டில் அடிக்கடி வெடிக்குதுங்க. அவருக்குக் கையில கீறாத இடம் இல்ல. பகல்ல ஏதாவது ஆச்சுன்னா நாங்கதான் இருக்கோம். நீங்கள்லாம் வேலைக்குப் போயிடுறீங்க..."

ஞானமுத்து உடனே, "வரட்டுமே. அந்தம்மா சொல்றது சரிதானே?" என்றார்.

பிள்ளை தொண்டையைச் செருமினார். "இல்ல... ஆம்பளைங்க நடுவுல உட்கார்ந்து, கையைத் தொட்டுக் கட்டுப் போட்டு... நாளைக்கு யாராவது ஒண்ணு சொன்னா அந்தப் பொண்ணுக்குத்தானே கஷ்டம்? கமிட்டியில பேசிட்டுச் சொல்றோம்மா."

சிவகாமி தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

கமிட்டி பேசியது. உண்மையாகவே பேசியது. பெண்களுக்குத் தனி நாள் வைக்கலாம் என்றார் ஒருவர். சொல்லித் தர ஒரு நர்ஸம்மா வேண்டும் என்றார் இன்னொருவர். நர்ஸம்மாவுக்கு யார் போய்ச் சொல்வது? ஆஸ்பத்திரியில் பெரியவர்களைக் கேட்க வேண்டாமா? அவர்களுக்கு இங்கிலீஷில் மனு எழுத வேண்டாமா? தைப்பூசம் கழியட்டும். பிறகு நோன்பு வருகிறது, அதுவும் கழியட்டும்...

யாருமே 'கூடாது' என்று சொல்லவில்லை. அதுதான் இதில் வேடிக்கை. ஒருவர் 'கூடாது' என்று சொல்லியிருந்தால் இன்னொருவர் சண்டைக்குப் போயிருப்பார், ஏதாவது நடந்திருக்கும். எல்லாரும் 'செய்யலாம்' என்றே சொன்னோம். அதனால் எதுவும் நடக்கவில்லை.

தெருக்குழாயடியில் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் சிவகாமி கேட்பாள்: "அந்தக் கமிட்டி என்னாச்சுங்க ஐயா?"

"பேசிக்கிட்டே இருக்கோம்மா."

பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அது நடந்தது ஒரு வேலை நாளில். நடுப்பகல். நல்ல வெயில், சோடாவுக்குக் கிராக்கி. நான் அச்சுக்கூடத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்ததைப் பிறகு பலபேர் சொல்லித்தான் கேட்டேன். ஒவ்வொருவர் சொன்னதும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டது. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

மிஷினில் ஒரு பாட்டில் வெடித்தது. வெடிப்பது புதிதல்ல என்பதால் தெருவில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராமையா அலறிய பிறகுதான் ஓடினார்கள். கண்ணாடி இடது கையின் உட்பக்கத்தில், முழங்கைக்கு மேலே ஆழமாக வெட்டியிருந்தது. இரத்தம் கசியவில்லை — பீய்ச்சியது.

எல்லாருக்கும் முன்னால் வந்து சேர்ந்தவள் சிவகாமிதான். புடவைத் தலைப்பைச் சுருட்டி வெட்டின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. பிடித்தாள், அவ்வளவுதான். இரத்தம் நின்றது. இதைத்தான் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: அவள் பிடித்ததும் நின்றது.

ராவுத்தர் பதறிப்போனார். ராமையா அவரிடம் வேலைக்காரன் மாதிரி இருந்தவனில்லை. கூடப்பிறந்த தம்பி மாதிரி. மருந்துப் பெட்டிக்கு ஆள் ஓடியது. பூட்டு. சாவிக்காகக் கிட்டங்கிக்கு இன்னோர் ஆள் ஓடியது. வகுப்பில் கற்றுத் தேறியவர்கள் எங்கே? ஒருவர் கப்பலடியில், ஒருவர் கோர்ட்டுக் கச்சேரியில், ஒருவர் மைதீன் பள்ளித் தெருவில் பில் வசூலிக்கப் போயிருக்கிறார். ஆபத்து எங்கள் ஆபீஸ் நேரம் பார்த்தா வருகிறது?

அதற்குள் ராவுத்தர் உள்ளே ஓடி, ஒரு கை நிறையக் காப்பித்தூள் அள்ளிக்கொண்டு வந்தார். காயத்துக்கு அதுதான் மருந்து என்று அவர் சின்ன வயதிலிருந்து கண்டது.

"கைய எடு தங்கச்சி. தூளை வச்சுக் கட்டிடுவோம்."

"எடுத்தா வருது முதலாளி."

"அப்படி அழுத்தாதம்மா! உள்ள கண்ணாடி இருந்தா இன்னும் எறங்கிடும்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"எடுத்தா வருதுங்க..."

ராமையாவும் வலி தாங்காமல், "விடு சிவகாமி, வலிக்குது" என்றான்.

புருஷன் சொல்கிறான். முதலாளி சொல்கிறார். சுற்றி நின்றவர்களும் சொல்கிறார்கள். அவள் என்ன செய்வாள்? எடுத்தாள்.

காப்பித்தூள் நிற்கவில்லை, இரத்தத்தோடு வழிந்தது. மறுபடி அள்ளி வைத்தார்கள். மேலே துண்டைச் சுற்றினார்கள். துண்டு நனைய நனைய அடுத்த துண்டு. ரிக்‌ஷா வந்தது. ராவுத்தர் அவனை மடியில் சாய்த்துக்கொண்டு ஏறினார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது ராமையா பேசவில்லை. பிறகு பேசவே இல்லை.

சாவி வந்து சேர்ந்தபோது தெருவில் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் வாசகசாலையில் மூன்று பேர்தான் இருந்தோம் — பிள்ளை, ஞானமுத்து, நான். நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார் ஞானமுத்து.

"அந்தப் பொண்ணு பிடிச்சிருந்துச்சே... அதுதான் செய்ய வேண்டியது. அதே மாதிரி பிடிச்சபடியே கொண்டுவந்திருந்தா..." பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "இதை அதுகிட்ட யாரும் சொல்லிடாதீங்க."

சரி என்றோம். பிள்ளை அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பிறகு நடந்ததுதான் என் நண்பர் கேள்விப்பட்ட முன்னேற்றம். கமிட்டி கூடியது. பெண்களுக்குத் தனி வகுப்பு — சம்மதம். நர்ஸம்மா கிடைக்காவிட்டால்? பரவாயில்லை, ஞானமுத்துவே சொல்லித் தரட்டும். ஆண்கள் தொட வேண்டாம், பெண்களே ஒருவருக்கொருவர் கட்டிப் பழகட்டும். பெட்டி? பூட்டு வேண்டாம். மாதக்கணக்கில் முடியாத அத்தனையும் ஒரே கூட்டத்தில், காப்பி ஆறுவதற்குள் முடிந்தது. இவ்வளவு லேசான காரியமா இது? அப்படியானால் அன்றைக்கு ஏன்...

எழுதிப் பயனில்லை. விட்டுவிடுகிறேன்.

முதல் வகுப்புக்குப் பெண்கள் நிறையவே வந்தார்கள். இந்து வீட்டுப் பெண்களையும் சாயபு வீட்டுப் பெண்களையும் ஒரே பாயில் பார்த்தது அன்றைக்குத்தான். பாய் விரிக்கவும் பெஞ்சை நகர்த்தவும் பிள்ளையும் நானும் போயிருந்தோம்.

கடைசியாக மாடி ஏறி வந்தவள் சிவகாமி.

அவள் வருவாள் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. வெள்ளைப் புடவையில் வந்து, ஓரமாகச் சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். இப்போது அவள் ராவுத்தர் கடையில் பாட்டில் கழுவுகிறாள். வேறு எங்கும் போக வேண்டாம் என்று ராவுத்தர்தான் சொல்லிவிட்டார்.

ஞானமுத்துவின் முகம் மாறியதைப் பார்த்தேன். அன்றைய பாடம் இரத்தக் காயம். ஆனால் அவர் கால் எலும்பு முறிவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பிறகு சுளுக்கு. பிறகு மயக்கம். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே போனார்.

"டிரெஸ்ஸர் ஐயா."

சிவகாமிதான்.

"ரத்தம் பீச்சி அடிச்சா என்ன பண்ணணும்? அதச் சொல்லுங்க."

கீழே தெருவில் ஐஸ்கட்டி வண்டி போகும் சத்தம் மட்டும் கேட்டது.

ஞானமுத்து பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை ஜன்னலைப் பார்த்தார். பொய் சொல்ல முடியுமா? எதிரே அத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் கத்தி இருக்கிறது, அரிவாள்மனை இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. இன்றைக்குத் தப்பாகச் சொன்னால் நாளைக்கு யார் வீட்டில் என்ன ஆகும்?

சொன்னார். மெல்லிய குரலில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சுத்தமான துணிய மடிச்சு அது மேல வைக்கணும். அழுத்திப் பிடிக்கணும். கண்ணாடி துருத்திக்கிட்டு இருந்தா அதை விட்டுட்டுச் சுத்தி அழுத்தணும். கைய உயர்த்தி வைக்கணும். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும்... எடுக்கக் கூடாது."

சிவகாமி கேட்டுக்கொண்டாள்.

"அப்ப நான் பிடிச்சது சரிதான்."

அது கேள்வியா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் ஞானமுத்து பதில் சொன்னார்.

"சரிதாம்மா."

அவள் அழவில்லை. பக்கத்தில் இருந்தவள் அழுதாள். சிவகாமி வகுப்பு முடியும் வரை இருந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையில் துணியை மடித்து வைத்து அழுத்திக் காட்டினாள். "இப்படி இல்ல அக்கா, இன்னும் பலமா" என்று இரண்டு பேருக்குத் திருத்தியும் விட்டாள்.

எல்லாரும் இறங்கிப் போன பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவள் மட்டும் திரும்பி வந்தாள். பிள்ளைதான் கையைக் கூப்பி, "அம்மா..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

அவள் அதைக் கேட்க வரவில்லை.

"ஐயா, ஒரு விஷயம். இன்னிக்குச் சொன்னது முதலாளி காதுக்குப் போக வேண்டாம். அவருதான் கைய எடுக்கச் சொன்னாரு. நல்லதுன்னு நினைச்சுத்தான் சொன்னாரு. இது தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்க மாட்டாரு."

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். எதிர்ச்சாரியில் ராவுத்தர் கடைப்பலகை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். அவள் போய் அதில் ஒரு முனையைப் பிடித்தாள்.

வாசகர்களே, இதில் வரும் பெயர்களையும் கடையையும் தொழிலையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அப்படியும் யாரென்று தெரிந்துவிட்டால், தயவு செய்து தெரியாதது போலவே இருந்துவிடுங்கள்.