தெரியாதவர் கையில் வெண்கட்டி

அக்கா கனகராயன்குளத்தில் பிறந்தார். உயர்தரக் கணித வகுப்பில் அவர் ஒருவரே பெண். ஆண் மாணவர்கள் கூடியிருந்து கணக்குச் செய்தார்கள். அக்கா தனியே செய்தார். கேட்க ஆளில்லாமல் கணிதம் படிப்பதைப்போல் அலுப்பான வேலை வேறில்லை என்பார். இடம்பெயர்வுகளில் வீடும் அலுமாரியும் போயின. ஒவ்வொரு முறையும் உழவு இயந்திரத்தில் முதலில் ஏறியது அவரது கரும்பலகை. அதன்பின் அரிசி. அதன்பின்தான் நான்.

சண்டை ஓய்ந்திருந்த அந்தச் சில ஆண்டுகளில், ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றிருந்த அக்காவைக் கிளிநொச்சியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி கணிதம் கற்பிக்க அழைத்தது. அங்கே கணிதத்தில் இரு முறை தவறிய மூன்று மாணவிகள் இருந்தார்கள்: முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து மேரி, இடம்பெயர்ந்து திரும்பிய முஸ்லிம் குடும்பத்திலிருந்து றிஸ்னா, முரசுமோட்டையிலிருந்து தாரணி. வகுப்பில் வாய் திறவாதவர்கள். மூன்றாம் முறையும் தவறினால் கல்லூரியை விட்டுப் போகவேண்டியதுதான்.

அக்கா மூவரையும் ஒரே பலகைக்கு முன் விட்டார். கணக்குத் தெரிந்தவர் வெண்கட்டியைத் தொடக்கூடாது. தெரியாதவரே எழுதவேண்டும், ஒவ்வொரு வரிக்கும் "சரியோ?" என்று கேட்கவேண்டும், மற்றவர்கள் "ஓம்" என்றால்தான் அடுத்த வரி. அக்கா பின்னால் கதிரையில் அமர்ந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருப்பார்.

பரீட்சை நடத்தும் வேலையிலேயே நரைத்து ஓய்வுபெற்றவன் நான். இப்படியொரு முறைக்கு எந்தச் சுற்றுநிருபத்திலும் இடமில்லை என்று எடுத்துச் சொன்னேன்.

"தம்பி, அதை எழுதினவருக்கு இந்தக் கணக்குத் தெரியுமோ? தெரியாட்டி வரச்சொல்லு, வெண்கட்டி குடுப்பம்."

பரீட்சை வந்தது. பழக்கதோஷத்தால் மூவரும் விடைத்தாளில் வரிக்கு வரி ஓரத்தில் "சரியோ?" என்று கேட்டு, தாமே "ஓம்" என்றும் எழுதிவைத்தார்கள். விடைத்தாளில் அடையாளக் குறி இடுவது குற்றம். மூன்று தாள்களில் ஒரே குறி என்றால் பெருங்குற்றம். பெறுபேறுகள் நிறுத்தப்பட்டன, வவுனியாவுக்கு விசாரணைக்கு அழைத்தார்கள்.

அக்காவும் நானும் கூடவே போனோம். பஸ்ஸில் மேரி அழுதாள்.

"நீ ஏன்டி அழுறாய்? நான் ரெண்டு இடத்தில 'ஓமோம்' எண்டும் எழுதிப்போட்டன்" என்றாள் றிஸ்னா. அக்கா சிரித்த சிரிப்பில் மேரியும் சிரித்துவிட்டாள்.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். விதிகள்தான் அவ்வளவாகத் தெரியாது. சந்தேகம் எழுந்தால் பரீட்சார்த்தியை நேரில் சோதிக்கலாம் என்ற ஏற்பாட்டை நான் நினைவூட்டினேன். அவர் மேரியைப் பலகைக்கு அழைத்துப் புதிய கணக்கொன்றைக் கொடுத்தார். அவள் ஒரு வரி எழுதி, திரும்பி, "சரியோ?" என்றாள். அவர் அடுத்த வரிக்காகப் பலகையைப் பார்த்தார். அவளோ அசையவில்லை.

"எழுதுங்கோவன் பிள்ளை."

"நீங்க ஓம் எண்டாத்தான், சேர்."

"சரி… ஓம்."

நான்காம் வரியில் அதிகாரி எழுந்து பலகைக்கே வந்துவிட்டார். "பொறுங்கோ, பொறுங்கோ. இது எப்பிடி வந்தது?"

மேரி வெண்கட்டியை அவரிடம் நீட்டினாள்.

மூவரும் பரீட்சையில் சித்தியடைந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பலகைக்கு முன் இடம் போதவில்லை.

அக்கா நோயில் படுத்தபோது மூவரும் முறைவைத்து வந்து பார்த்தார்கள். மருந்தை நீட்டினால், "சரியோ?" என்று கேட்பார் அக்கா. "ஓம்" வந்தபின்தான் விழுங்குவார்.

பராமரித்த தாதியருக்கும், பந்தலிட்ட அயலவருக்கும், இந்த ஆண்டு நினைவுநாளுக்குத் தொலைவிலிருந்து வந்தோருக்கும் எம் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. இந்த நினைவு மலரின் கடைசிப் பக்கம் அச்சேறுமுன் இதை மாணவியர் மூவருக்கும் வாசித்துக்காட்டி, "சரியோ?" என்றேன். ஒருவரும் ஓம் சொல்லவில்லை.

"ரீச்சர் ஒருநாளும் கதிரையில இருக்கேல்லை, சேர்" என்றாள் தாரணி. "எங்களோட நிலத்திலதான் இருந்தவா."

கதிரை என்று எழுதிய முன்பக்கம் அச்சாகிவிட்டது. ஆகவே முறைப்படி இங்கே திருத்தம்: அக்கா நிலத்தில் இருந்தார்.