சிஸ்டர் வண்டியின் ரிவர்ஸ் லைட்

"எரியுதா?"

"எரியல."

"இப்ப?"

"அக்கா, எரிஞ்சா நானே சொல்ல மாட்டேனா? லைட்டுதான் செத்துப்போச்சு, எனக்கு வாய் நல்லாதானே இருக்கு."

சிஸ்டர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். வண்டிக்குப் பின்னால் நின்ற தம்பி வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, எரியாத விளக்கைக் கடமை தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவருக்கு அதுதான் உத்தியோகம்.

அக்கா பிரசவ வார்டில் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால், தெருவில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரருக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். ஓய்வு பெற்ற வருஷம், ஊரைவிட்டுப் போன பெரிய டாக்டரிடமிருந்து இந்தப் பழைய காரை வாங்கினார். இப்போது ரோட்டில் இதுபோல் ஒன்றைப் பார்த்தால் ஆட்கள் நின்று போட்டோ எடுக்கிறார்கள். அவருக்கு அந்தப் பெருமை எல்லாம் வேண்டாம். படுக்கையில் கிடக்கும் பழைய நோயாளிகளுக்குக் கட்டு மாற்ற, ஊசி போட, பஸ் போகாத தெருக்களுக்கெல்லாம் இந்த வண்டியில்தான் போய் வருகிறார்.

அவருடைய மகளுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "இந்த வயசுல எதுக்கும்மா ஊரெல்லாம் அலையறே?" என்று ஆரம்பித்து, போன மாதம் வார்த்தை வளர்ந்து, கடைசியில் சிஸ்டர் வாயை விட்டுவிட்டார். "இந்தத் தடவை டெஸ்ட்ல வண்டி தேறலேன்னா வித்துட்டு உன் வீட்டுக்கே வந்துடறேன், போதுமா?" மகள் அதைச் சிக்கென்று பிடித்துக்கொண்டாள். தன் வீட்டுப் பின் அறையைக் காலி பண்ணி, கட்டில் போட்டு, திரைச்சீலைகூட மாட்டிவிட்டாள்.

வண்டிக்குத் தகுதிச் சான்று தரும் அந்த டெஸ்ட் இன்று மாலை. வார்டில் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான் என்று வாழ்ந்தவர். இப்போது மாற்றிப் பேசவும் வழியில்லை.

பிரேக், ஹாரன், வைப்பர் எல்லாம் ஒழுங்கு. நேற்று சரிபார்த்தபோது ரிவர்ஸ் லைட் மட்டும் எரியவில்லை. பகலில் மட்டுமே வண்டி எடுப்பதால் எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது. சின்ன விஷயம்தானே என்று தம்பி வந்து புது பல்பு போட்டார். எரியவில்லை. மெக்கானிக் வந்தான்.

மெக்கானிக் சிஸ்டரின் வார்டில் பிறந்தவன். பட்டறை வைத்து, பிள்ளை குட்டி என்று ஆகியும் சிஸ்டருக்கு அவன் இன்னும் தொட்டில் குழந்தைதான். கியர் பாக்ஸில் இருக்கும் ஸ்விட்சை மாற்றினான். ரிவர்ஸ் கியர் விழுந்தால் மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்விட்ச் அது. அப்படியும் எரியவில்லை. பிறகு முன்னாலிருந்து டிக்கி வரைக்கும் ஒயரைத் தடவிப் பார்த்தான். கடைசியில் விளக்கையே கழற்றி, தரையில் வைத்த பாட்டரியில் கொடுத்தான். பளிச்சென்று எரிந்தது. திரும்ப வண்டியில் மாட்டினான். அணைந்துவிட்டது.

"கரண்டு இது வரைக்கும் வருது சிஸ்டர். பல்பும் நல்லாருக்கு. ரெண்டும் நல்லாருக்கு, சேத்து வச்சா ஆவல."

"கல்யாணமா பண்ணி வைக்கிறே, சேத்து வச்சா ஆவலங்கறதுக்கு?"

"ஒயரை மொத்தமா உருவிட்டுப் புதுசு போட்டுப் பாக்கலாம். நாளைக்கு ஆயிடும்."

"டெஸ்ட் இன்னைக்குடா. நாளைக்கு நீ ஒயர் போட்டு அதை என் மக வீட்டுத் திரைச்சீலையிலயா மாட்டப் போறே?"

"எனக்கு என்னமோ பியூஸ் மேலதான் சந்தேகம்" என்றார் தம்பி. காலையிலிருந்து மூன்று தடவை அதைச் சொல்லிவிட்டார்.

"பியூஸ் போயிருந்தா கரண்டே வராது மாமா."

"இல்ல, எதுக்கும் பாத்துடலாமேன்னு..."

"நீ சும்மா இரு" என்றார் சிஸ்டர். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினார். "உன்னைச் சொல்லி என்ன? பொறக்கும்போதே கால் முன்னாடி, தலை பின்னாடின்னு ரிவர்ஸ்லதான் வந்தே. உன் அம்மா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உனக்கே ரிவர்ஸ் லைட் போடத் தெரியலேன்னா வேற யாருக்குத் தெரியும்?"

இந்தக் கதையை அவன் பெண் பார்க்கப் போன இடத்திலேயே சிஸ்டர் சொல்லியிருக்கிறார். மெக்கானிக் விளக்கைத் திரும்பக் கழற்றினான். "மாமா, ஒரு நிமிஷம் இதைப் பிடிங்க" என்று தம்பியிடம் கொடுத்துவிட்டு, ஸ்பானரை எடுக்கக் குனிந்தான். சோதித்துப் பார்க்கச் சிஸ்டர் மறுபடி போட்ட கியர் ரிவர்ஸிலேயே இருந்தது. ஒயரோடு தொங்கிய விளக்கைத் தம்பி அசிரத்தையாகப் பிடித்திருந்தார். அதன் தகரப் பின்புறம் பம்பரில் உரசியது.

விளக்கு எரிந்தது.

"எரியுது!" என்று கத்திவிட்டுத் தம்பி பதற்றத்தில் கையை இழுத்துக்கொண்டார். அணைந்தது.

"ஏன்டா எடுத்தே?" என்று சிஸ்டர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

மெக்கானிக் விளக்கை வாங்கி மறுபடியும் பம்பரில் வைத்தான். எரிந்தது. டிக்கிக்குள் அது உட்காரும் இடத்தில் வைத்தான். எரியவில்லை. முட்டி போட்டு, தலையை டிக்கிக்குள் விட்டு, அந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். வெளியே வந்தபோது குரலில் ஒரு மரியாதை கூடியிருந்தது.

"சிஸ்டர், இதுக்குள்ள பெயிண்ட் அடிச்சது யாரு?"

"நான்தான். மழைக்கு முன்னாடி. துரு பிடிச்சுக் கிடந்தது. எல்லாத்தையும் கழட்டி, தேச்சு, மூணு கோட் அடிச்சேன். ஏன்?"

"விளக்கையும் கழட்டிட்டு, அதுக்கு அடியிலயும் அடிச்சீங்களா?"

"பின்னே? அரைகுறையா விடச் சொல்றியா?"

"இந்த விளக்குக்குத் தனியா எர்த் ஒயர் கிடையாது சிஸ்டர். வந்த கரண்டு பாடித் தகரம் வழியாத்தான் திரும்பிப் போவணும். இவ்வளவு கெட்டியா பெயிண்ட் அடிச்சு, போற வழியை அடைச்சுட்டீங்க."

சிஸ்டர் டிக்கிக்குள் பார்த்தார். சாம்பல் நிறம், ஒரு புள்ளி குறையில்லாமல், ஆபரேஷன் தியேட்டர் சுவர்போல மின்னியது. வண்டியிலேயே அவருக்குப் பிடித்த இடம் அது.

"இதை நீ மொதல்லயே பாத்திருக்கலாமில்ல?"

"துரு இருந்தா பாத்திருப்பேன். இவ்வளவு சுத்தமா இருக்கிற எடத்துல யாரு போய்த் தப்பு தேடுவா?"

தம்பி வானத்தைப் பார்த்தார். சிரித்தால் என்ன நடக்கும் என்று அவருக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

மெக்கானிக் உப்புத்தாளை எடுத்தான். "குடு இப்படி" என்று சிஸ்டர் அதைப் பிடுங்கிக்கொண்டார். டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். பெயிண்ட் ஒவ்வொரு பூச்சாக உரிந்து, வெறும் தகரம் தெரிந்தது. அவருக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. புண்ணைத் திறந்து வைத்துவிட்டு மூடாமல் போவதுபோல் இருந்தது.

சோதனை மைதானத்துக்கு மகள் முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு, இன்ஸ்பெக்டர் பின்னாலேயே வண்டியைச் சுற்றி வந்தாள். ஹாரன் ஆயிற்று. வைப்பர் ஆயிற்று.

"ரிவர்ஸ் போடுங்கம்மா."

சிஸ்டர் போட்டார். கண்ணாடியில் இன்ஸ்பெக்டரின் சட்டைப் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன. பிறகு டிக்கியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"உள்ளே பெயிண்ட் யார் வேலை?" என்றார் இன்ஸ்பெக்டர், ஜன்னலருகே வந்து.

"என் வேலைதான் சார்."

"நல்லாருக்கு. விளக்குக்கிட்ட கொஞ்சம் உரிஞ்சிருக்கு, பாத்துக்குங்க. வண்டி ஓகே. எடுத்துட்டுப் போங்க."

சிஸ்டர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார்.

மகள் ஜன்னலில் குனிந்தாள். "அப்ப அந்த ரூமை நான் என்ன பண்றது? திரைச்சீலையெல்லாம் தச்சு மாட்டியிருக்கேன்."

"உன் மாமியாரைக் கூப்பிட்டு வச்சுக்க."

மகளின் முகம் போன போக்கைப் பார்த்து, அன்று முதல் தடவையாகச் சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. முன் சீட்டிலிருந்த மருந்துப் பையை எடுத்துப் பின் சீட்டில் வைத்தார்.

"ஏறு. பால்காரர் அம்மாவுக்குக் கட்டு மாத்தணும், நேரமாச்சு. அந்தம்மா காலை ஆட்டிக்கிட்டே இருக்கும், பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

"எனக்கு வேலை இருக்கும்மா."

"எனக்கும் இருக்குடி" என்றார் சிஸ்டர்.

மகள் கதவை ஓங்கிச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.