ஓர்லீனாவின் கைமேல் விழுந்த பழி

கென்டக்கி மலைப்பக்கத்தில் உள்ள எங்கள் வட்டார மருத்துவமனையில், நோயாளிகளின் கைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. போன வசந்தத்தில் ஓர்லீனா என்ற அம்மாளை டாக்டர் என்னிடம் அனுப்பினார். அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவள் கணவர் வெர்லின் ஸ்டாம்பா. நான் அறைக்குள் நுழைந்ததும், சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த என் பட்டச் சான்றிதழைத்தான் முதலில் பார்த்தார்.

"நீ ராட்லிஃப் வீட்டுப் பையன்தானே? அந்தச் சட்டத்துல இருக்கிறது அசலா?"

"அசல்தான் ஐயா."

"உங்க தாத்தா ஆறாவதுகூடத் தாண்டல. பரவாயில்லயே!"

எங்கள் குடும்பத்தில் வேட்டையாடிய மான் தலை தவிர வேறு ஒன்று சுவரில் ஏறியது அதுதான் முதல் தடவை. அவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அதன் பிறகு பேசியதெல்லாம் ஓர்லீனாதான்.

கோழி வெட்டும் ஆலையில் காலமெல்லாம் கத்தி பிடித்த கைகள் அவளுடையவை. விரல்கள் மரத்துப்போவதும் மூட்டு வலியும் பழைய கதை. அவள் சொன்ன புகார் வேறு.

"என்னைக் கேக்காமலே சுட்டுருச்சு தம்பி, இந்தக் கை."

வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. கடையில் இருப்பதிலேயே மலிவான ரகம். கனமும் உருவமும் பார்த்து ஊரில் அதைச் 'செங்கல்' என்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டுக் கொல்லையில் ரக்கூன் என்ற காட்டுப் பிராணி ஒன்று தள்ளாடிக்கொண்டு நின்றது. பகல் வெளிச்சத்தில் ரக்கூன் அப்படி நின்றால் வெறி பிடித்தது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓர்லீனா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடையில் வந்தாள். டிரிக்கரைப் பாதி இழுத்து அங்கேயே நிறுத்திவைப்பது அவள் பழக்கம். கதவை நோக்கித் திரும்பும்போதே வெடித்துவிட்டது. குண்டு சுவரைத் துளைத்து, அடுத்த அறையில் இருந்த தொட்டில் கட்டிலின் மெத்தைக்குள் போய் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தி ரெய்லின் தூங்கும் கட்டில் அது. அன்று காலியாக இருந்தது.

அன்றிலிருந்து ஓர்லீனா பேத்தியைத் தூக்கவில்லை. வண்டி ஓட்டுவதையும் விட்டுவிட்டாள். கொதிக்கும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து வெர்லின்தான் இறக்க வேண்டும்.

நான் பிடிமானத்தை அளந்தேன். விரல் நுனிகளில் ஊசி வைத்துப் பார்த்தேன். கை அப்படி ஒன்றும் மோசமில்லை. டாக்டரின் கோப்பில் இருந்த முந்தைய வருட அளவைவிடக் கொஞ்சம் தேவலை என்றே சொல்லலாம். அதைச் சொன்னேன்.

"அளவு கிடக்குது தம்பி," என்றாள். "மெத்தையில இருக்கிற ஓட்டையைப் பாத்தவ நான்."

வெர்லின் தன் பூட்ஸ் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் அவர்தான் அழைத்து வந்தார். ஒருநாள் ஓர்லீனாவின் கைகளைச் சூடான மெழுகில் முக்கி, துணி சுற்றி உட்காரவைத்திருந்தேன். வெர்லின் என்னைக் கண்ணால் கூப்பிட்டார். நடையில் குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றோம்.

"தம்பி, கை சுத்தமா குணமாயிருச்சு, இனி பயமில்லன்னு அவகிட்ட சொல்லிரு."

"முதல் நாளே சொன்னேனே ஐயா."

"அது சும்மா சொன்னது. இப்ப அந்தச் சட்டத்துக்குக் கீழ நின்னு சொல்லு. காலேஜ் படிச்சவன் சொன்னா நம்புவா."

"நம்பமாட்டாங்க. அவங்க கையிலதான் குத்தம்னு முடிவு பண்ணிட்டாங்க."

அவர் இயந்திரத்தில் சாய்ந்துகொண்டார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

"குத்தம் கையில இல்ல," என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். தீவனக் கடையில் எல்லோரும் அவரைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். "வெர்லின், அதை வச்சுச் சுடாத, தூக்கி எறி, இன்னும் தூரம் போகும்" என்பார்களாம். அந்தப் பேச்சு அவரை உறுத்தியது. அதைவிட, ஓர்லீனாவின் கைக்கு அந்தத் துப்பாக்கி முரடாக இருந்தது. சமையல் மேசையில் துண்டு விரித்து வேலையை ஆரம்பித்தார். பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கைப்பிடிக்கு உறை போட்டார். குறிபார்க்கக் குழல் நுனியில் இருக்கும் முன்குறி கண்ணுக்குத் தெரியட்டும் என்று அவளுடைய ஆரஞ்சு நகப்பூச்சைத் தொட்டுவைத்தார். குண்டு சிக்கும் இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினார். துப்பாக்கி வாங்கிய விலையைவிட அதில் போட்ட செலவு கூடிப்போனது. கடைசியாக, அவள் பிறந்தநாளுக்கு முன்பு, டிரிக்கரின் ஸ்பிரிங்கை மாற்றி இழுவையை லேசாக்கினார்.

"டியூபைக் காட்டினேன், நகப்பூச்சைக் காட்டினேன், சிரிச்சா. டிரிக்கரை மட்டும் சொல்லல. சனிக்கிழமை பயிற்சிக்குச் சுடப் போறப்ப அவளே இழுத்துப் பாத்து அசந்துபோகட்டும்னு இருந்தேன். அந்தச் சனிக்கிழமை மழை. செவ்வாக்கிழமை ரக்கூன் வந்துருச்சு."

"அவங்க பாதி இழுத்து வைக்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"நான் எத்தனை தடவை திட்டியிருக்கேன்! பழைய டிரிக்கர் கல்லு மாதிரி, பாதியில நின்னுக்கும். புதுசுல பாதின்னு ஒண்ணு இல்லவே இல்ல. அவ பழக்கம் தெரிஞ்சிருந்தும் மாத்தினேன் தம்பி. அந்த நேரத்துல அது ஞாபகத்துலயே வரல."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே ஐயா."

"போலீஸ்காரர் வந்தார். மக மிஸ்டி, ரெய்லினோட அம்மா, அழுதா. யாரும் கேக்குறதுக்கு முந்தியே இவ, 'என் கைதான், என் கைதான்'னு சொல்லிட்டா. நான் வாயைத் திறக்கல. மறுநாள் சொல்லலாம்னு பாத்தேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குப்பொடி டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே சின்ன ஸ்பிரிங். துப்பாக்கியில் எதை மாற்றினாலும் கழற்றிய சாமானைப் பத்திரமாக எடுத்துவைப்பது இங்கே வழக்கம். விற்கும்போது பழையபடி பூட்டிக் கொடுக்கலாம்.

"நான் சொல்ற காரியமில்ல இது," என்றேன்.

"தெரியுது," என்றார்.

உள்ளே வந்து ஓர்லீனாவின் கைகளிலிருந்து மெழுகை உரித்தேன். வெர்லின் அவள் எதிரில் வந்து நின்று, சூடு ஆறாத உள்ளங்கையில் அந்த ஸ்பிரிங்கை வைத்தார்.

"என்ன இது?"

"உன் துப்பாக்கியோட பழைய டிரிக்கர் ஸ்பிரிங்."

அவள் அதை விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்திப் பார்த்தாள். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது. வழியில் வெர்லின் நின்றிருந்தார்.

"எப்ப மாத்தின?"

"உன் பிறந்தநாளுக்கு. நீ சனிக்கிழமை பாத்து சந்தோஷப்படுவேன்னு..."

"அந்தச் சனிக்கிழமை மழை. சரி. வெடிச்ச பிறகு எத்தனை சனிக்கிழமை வந்துச்சு, வெர்லின்?"

அவர் அவளுடைய கைப்பையை மடங்கிய கைக்குள் இறுக்கிக்கொண்டார்.

"பிள்ளைக்கு இப்ப நடக்கத் தெரியும். தெரியுமா உனக்கு? கையை நீட்டிக்கிட்டு என்கிட்ட வரும். நான் கையைப் பின்னால கட்டிக்குவேன். நீ அந்த மூலையில உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருந்த?"

"பாத்தேன்."

"பாத்தியா!" அவள் எழுந்தாள். "வண்டிச் சாவியைக் குடு."

"நான் ஓட்டுறேன் ஓர்லீனா, நீ ரொம்ப நாளா..."

"சாவியைக் குடுன்னேன்."

கொடுத்தார். ஸ்பிரிங்கை அவள் திருப்பித் தரவில்லை. கைப்பையை அவர் மடங்கிய கையிலிருந்து உருவிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இந்தப் பெரிய துப்பாக்கி மெக்கானிக்கை வீட்டுல இறக்கி விட்டுருவியா? நான் மிஸ்டி வீட்டுக்குப் போறேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அவர்களுடைய வண்டி கொஞ்சம் குலுங்கிப் பின்னால் போய், நேராகி, சாலையில் ஏறியது. வெர்லின் அது மறையும்வரை நின்றார்.

வேலை முடிந்து அவரை ஏற்றிக்கொண்டேன். அவர் வீட்டு முன் இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் அவ கைக்குத்தான் செஞ்சேன்," என்றார்.

"தெரியும் ஐயா."

"அதையே மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு எத்தனை நாள் சும்மா இருந்திருக்கேன் பாரு."

ஓர்லீனா மிஸ்டி வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பினாள். இதை எழுத இருவரும் சம்மதித்தார்கள். "என் கை நல்லா இருக்குன்னு பெரிசாப் போடு" என்றாள் அவள்.

இப்போது அவளே வண்டி ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ரெய்லின் அவள் இடுப்பில்தான். வெர்லினும் அவளும் அதே வீட்டில் இருக்கிறார்கள். கொதிக்கும் பாத்திரத்தை இன்னமும் அவர்தான் இறக்குகிறார், அவள் கேட்காமலே. அந்தச் செங்கல் துப்பாக்கி அவர் தம்பி வீட்டு இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. பழைய ஸ்பிரிங் ஓர்லீனாவின் சாவி வளையத்தில் தொங்குகிறது.